பிடியரிசியும் களியாட்ட விழாவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அறப்பணிக்குப் பொருள் திரட்டும் பழைய முறைகளுள் ஒன்று பிடியரிசி. உலையேற்றுமுன் இல்லத்தரசி கொத்தினால் அரிசியை அளந்தெடுப்பாள். அளந்ததில் ஒரு பிடியைத் திரும்ப எடுத்து, அடுப்படி மூலையில் வைத்திருக்கும் தனி முட்டியில் இடுவாள். அன்றைய உணவில் அந்த ஒரு பிடியின் குறை எவருக்கும் தெரியாது. மாத முடிவில் கோயிலிலிருந்தோ பாடசாலையிலிருந்தோ ஆள் வந்து, முட்டியிலுள்ளதைச் சாக்கில் கொட்டிக்கொண்டு போவார். ஒரு பிடி முப்பத்தைந்து கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு வீட்டிலிருந்து மாதம் ஒரு கிலோ சேரும். நூறு வீடுள்ள ஊரிலிருந்து நூறு கிலோவுக்குக் குறையாது சேரும். அவ்வரிசியைக் கொண்டு மாணவர்க்குச் சோறிடலாம். விற்றால் ஆசிரியர் ஒருவருக்கு வேதனத்தின் ஒரு பகுதியேனும் கிடைக்கும்.

ஆறுமுக நாவலர் 1848 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி நடத்தியபோது, வீடுதோறும் பெற்ற பிடியரிசி அதற்குத் துணைநின்றது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த கிறித்தவக் குடும்பங்களின் பெண்களும் இவ்வாறே பிடியரிசி எடுத்துவைத்துத் தம் சபைப் பணிக்கு வழங்கினர். சமய விடயத்தில் ஒருவரையொருவர் கடுமையாக எதிர்த்து எழுதிக்கொண்டிருந்த இரு சாராரும், அடுப்படியில் ஒரே முறையைக் கையாண்டமை கவனிக்கத்தக்கது. இதற்குக் காரணம் எளிது. வீட்டிலுள்ள காசு ஆடவர் கையில் இருந்தது. அரிசிப் பானை பெண்கள் கையில் இருந்தது. எவரிடமும் உத்தரவு கேளாது, கணக்குக் காட்டாது, ஒரு பெண் தானே மனமுவந்து கொடுக்கக்கூடிய பொருள் அந்த ஒரு பிடி அரிசிதான்.

ஆயினும் பிடியரிசிக்கு ஓர் எல்லையுண்டு. அது சிறுகச் சிறுகச் சேர்வது. நாள்தோறும் நடக்க வேண்டிய பணிக்கே ஏற்றது. திடீரென நேரும் பெருந்துயருக்கு அது போதாது. 1877 ஆம் ஆண்டளவில் மழை பொய்த்துப் பஞ்சமும் பேதியும் குடாநாட்டை வாட்டியபோது, நாவலர் செல்வரிடம் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார். வீடுகளிலேயே அரிசி இல்லாத காலத்தில் முட்டியில் எதை இடுவது? அவ்வாறே, கட்டடம் ஒன்றுக்குக் கூரை போடுவதற்கோ மருத்துவமனைக்குக் கட்டில்கள் வாங்குவதற்கோ ஒரே வேளையில் பெருந்தொகை வேண்டியிருக்கிறது. அந்த நிலையில்தான் மக்களை ஓரிடத்திற் கூட்டவேண்டிய தேவை எழுந்தது. கூட்டுவதற்கு ஒரு காரணமும் வேண்டும். விருந்து, கூத்து, இசை, விளையாட்டு, ஏலம் ஆகியன அக்காரணங்கள்.

ஏலத்தை எடுத்துக்கொள்வோம். கோயில் திருவிழாவில் ஒரு மாம்பழமோ பலாப்பழமோ ஏலத்திற்கு வருகிறது. கிறித்தவ ஆலயங்களில் அறுவடை நன்றித் திருநாளன்று பூசணி, வாழைக்குலை, சேவல், வீட்டிற் செய்த பலகாரம் ஆகியன காணிக்கையாக வந்து குவிகின்றன. வழிபாடு முடிந்ததும் அவை முற்றத்தில் ஏலம் கூறப்படுகின்றன. சந்தையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பழம் இங்கே பத்து மடங்கு, சிலவேளை நூறு மடங்கு விலைபோகிறது. ஏலங் கூறுவோர் நாவன்மை மிக்கவராதல் வேண்டும். ஒரு தரம், இரண்டு தரம் என்று சொல்லிவிட்டு மூன்றாந் தரத்தைச் சொல்லாமல் இழுத்து, கூட்டத்திலுள்ள இரு செல்வரை மாறிமாறிப் பார்க்கும் அந்தப் பார்வையிலேயே பாதிப் பணம் சேர்ந்துவிடும். பழத்தை வாங்கியவர் அதனைத் திரும்பவும் ஆலயத்துக்கே கொடுத்து, மறுபடியும் ஏலம் விடச்சொல்வதும் உண்டு. அப்போது ஒரே பழம் இருமுறை, மும்முறை விலைபோகிறது. பழமோ கடைசியில் அழுகுமுன் ஏதோ ஒரு வீட்டைச் சேர்கிறது.

இது அறமா, ஆடம்பரமா என்று கேட்போர் உளர். இரண்டுமே என்பதுதான் நேரிய விடை. தன் பெயர் ஊரார் காதில் விழவேண்டுமென்ற ஆசை மனிதனிடம் உள்ளது. அந்த ஆசை வழக்கு வியாச்சியத்திலும் எல்லை வேலிச் சண்டையிலும் செலவாவதைக் காட்டிலும், பலாப்பழத்தின் மீது செலவாகிக் கோயிற் கிணற்றுக்குக் கட்டுப்போடுவது நன்று. காணித் துண்டொன்றுக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய ஊர்களில் இவ்வுண்மையை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

அடுத்தது கொட்டகை நாடகம். ஊர்ப் பாடசாலைக்கு மண்டபம் வேண்டும், வாசிகசாலைக்கு அலுமாரி வேண்டும் என்றால் முதலில் நாடகம் ஒன்றுக்கே ஏற்பாடாகும். வயல்வெளியிலோ பாடசாலை மைதானத்திலோ கிடுகினால் அடைப்புக் கட்டி, பெற்றோமாக்ஸ் விளக்கு ஏற்றி, முன்வரிசையில் கதிரையும் அதன்பின் வாங்கும் அதற்கும் பின்னே வெறுந்தரையுமாக இடம் வகுத்து, இடத்துக்கு ஏற்றபடி சீட்டு விற்பர். சீட்டுப் புத்தகத்தைக் கையிலேந்தி வீடு வீடாக நடப்பவர் பெரும்பாலும் ஆசிரியராகவே இருப்பார். பிள்ளையின் ஆசிரியர் படலையில் வந்து நிற்கும்போது, ஒரு சீட்டேனும் வாங்காது அனுப்புவது எப்பெற்றோர்க்கும் இயலாத காரியம்.

இத்தகைய இரவுகளைச் சிறப்பித்தவருள் காங்கேசன்துறை வசந்த கான சபையின் நடிகமணி வி. வி. வைரமுத்து தனியிடம் பெறுபவர். 1924 இல் பிறந்து 1989 இல் மறைந்த அக்கலைஞர் நடித்த அரிச்சந்திர மயான காண்டம் ஆயிரக்கணக்கான தடவை மேடையேறிற்று. கதையை அறியாதவர் எவருமில்லை. பாட்டுகளும் பலருக்கு மனப்பாடம். எனினும், பக்கத்து ஊரில் முந்திய மாதம் பார்த்தவரே இங்கும் வந்து சீட்டு வாங்கினர். புதுமையினால் ஈர்க்கப்பட்டு வரும் கூட்டம் ஒருமுறைதான் வரும். பழகிய இன்பத்தை நாடி வரும் கூட்டம் ஆண்டுதோறும் வரும். நிதி சேர்ப்போர் அறிந்து வைத்திருந்த இரகசியம் இது. இவருக்கு முந்திய தலைமுறையில், கலையரசு க. சொர்ணலிங்கமும் அவர் தோழரும் நடத்திய இலங்கைச் சுபோத விலாச சபை, சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் நடத்திய சுகுண விலாச சபையை முன்மாதிரியாகக் கொண்டது. படித்தவரும் உத்தியோகத்தரும் கலையார்வத்தினால் நடிக்க முன்வந்தமையால், நாடகத்துக்குச் சீட்டு வாங்குவது மதிப்புக்குரிய செயல் என்ற எண்ணமும் ஊரில் வேரூன்றியது.

இவ்வகை விழாக்களின் உச்சம் என்று சொல்லத்தக்கது யாழ்ப்பாணப் பொது நூலகம் எழுந்த வரலாறு. அதனைச் சற்று விரித்துக் கூறுவது பொருந்தும்.

1933 ஆம் ஆண்டில் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டிலேயே நூல்களைச் சேர்த்து மற்றவர்க்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அம்முயற்சியை ஊர்ப் பொதுவாக்கும் நோக்குடன் 1934 யூன் 9 ஆந் தேதி யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் கூட்டம் கூடிற்று. அன்பர்களிடம் திரட்டிய 1184 ரூபா 22 சதத்துடன், அவ்வாண்டு ஓகஸ்ட் முதலாந் தேதி ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறை ஒன்றில் நூலகம் திறக்கப்பட்டது. அன்று அங்கிருந்த நூல்கள் 844. அந்த 22 சதத்தையும் விடாது எழுதிவைத்தவர்களுக்கு நன்றி கூறவேண்டும். அடுத்த ஆண்டு நகரசபை அதனைப் பொறுப்பேற்றது.

வாடகை அறை நெடுநாள் போதவில்லை. 1950 களின் தொடக்கத்தில், மாநகர முதல்வராயிருந்த சாம் சபாபதியும் சம்பத்திரிசியார் கல்லூரி அதிபர் வண. பிதா லோங் முதலானோரும் நகருக்கு நிலையான பெருநூலகம் ஒன்றைக் கட்ட முனைந்தனர். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் வி. எம். நரசிம்மன் திராவிடப் பாணியில் படம் வரைந்தார். இனி வேண்டியது பணம். மாநகர சபையின் வருமானம் தெரு விளக்குக்கும் கழிவு வாய்க்காலுக்கும் போதாத அளவினது. ஆகவே களியாட்ட விழாக்கள் நடத்தப்பட்டன. லொத்தர்ச் சீட்டுகள் விற்கப்பட்டன. இந்தியக் கலைஞர் வரவழைக்கப்பட்டு இசையும் நடனமும் மேடையேறின. மக்கள் இவற்றைக் காணிவேல் என்றே வழங்கினர். காணிவேல் என்றால் இராட்டினம், வளையம் எறிதல், மின்விளக்கு அலங்காரம், இனிப்புக் கடை, ஒலிபெருக்கி, இரவு முழுதும் ஓயாத கூட்டம்.

அறிவுக்கு ஒரு கோயில் கட்டச் சூதாட்டத்தின் சாயலுள்ள லொத்தரையா நாடுவது என்ற கேள்வி இங்கு எழுதல் இயல்பே. அக்கேள்வியைத் தள்ளிவிடலாகாது. லொத்தர்ச் சீட்டு வாங்குபவன் நூலகத்தை நினைத்து வாங்குகிறானா, பரிசை நினைத்து வாங்குகிறானா? பெரும்பாலும் பரிசை நினைத்துத்தான். ஆயினும் அவன் தோற்ற பணம் வீண்போகவில்லை. தனியார் சூதாட்டத்தில் தோற்றவனுக்கு வெறுங்கைதான் மிச்சம். நூலக லொத்தரில் தோற்றவனின் பிள்ளைக்கு வாசிக்க மேசையும் கதிரையும் கிடைத்தன. இந்த வேறுபாடு அற்பமானதன்று.

இதனினும் முக்கியமானது வேறொன்று உண்டு. அந்நாளில் குடாநாட்டின் பெருங்கோயில்கள் பலவற்றின் கதவுகள் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. சாதியின் பேரால் மனிதரை வாசலில் நிறுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1957 இல் நிறைவேறியது. அதன்பின்னும், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலினுள் செல்வதற்காக 1968 இல் மக்கள் போராட வேண்டியிருந்தது. தேநீர்க் கடைகளிலும் தனிக் குவளை இருந்தது. கோயில் ஏலத்தில் விலை கூறவோ ஊர்ப் பந்தியில் அமரவோ இடமற்றிருந்தவர் எத்துணையோ பேர். களியாட்ட விழாவின் வாசலில் நின்றவனோ சீட்டைத்தான் கேட்டான், குலத்தைக் கேட்கவில்லை. உள்ளே இருக்கைகளில் வேற்றுமை தலைகாட்டவே இல்லை என்று எவரும் உறுதி கூறமுடியாது. ஆயினும், வாசலிற் கொடுத்த காசு எவர் கைக் காசாயினும் ஒரே பெட்டியில் விழுந்தது. தம் காசு ஏற்கப்பட்டது என்பது, கொடுக்கவும் தகுதியற்றவர் என ஒதுக்கப்பட்டிருந்தவர்க்குச் சிறு செய்தியன்று. நூலகமும் அவர்களை ஏற்க வேண்டியதாயிற்று.

1954 மார்ச் 29 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1959 ஒக்டோபர் 11 இல், அப்போது மாநகர முதல்வராயிருந்த அல்பிரட் துரையப்பா கட்டடத்தைத் திறந்துவைத்தார். பின்னர் சிறுவர் பகுதியும் சேர்ந்தது. வீட்டில் விளக்குக்கு எண்ணெய் போதாத மாணவர் பலர், பரீட்சைக் காலத்தில் அந்த நீண்ட மேசைகளிலே இருந்து படித்து வெளியேறினர்.

1981 மே 31 இரவு தொடங்கி யூன் முதல் நாளுக்குள் அந்நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. செய்தி கேட்ட நகரத்தாருள், நூலில் ஒரு வரியும் வாசித்தறியாத முதியோரும் அழுதனர் எனின் அதற்கு ஒரு காரணம் உண்டு. அவர்கள் காணிவேலுக்குச் சீட்டு வாங்கியவர்கள்.

1998 இல் அரசாங்கம் நூலகத்தை மீளக் கட்டும் பணியைத் தொடங்கியபோது, நாடெங்கும் மக்களிடம் செங்கல்லும் நூலும் கேட்டு இயக்கம் ஒன்று நடைபெற்றது. ஏறத்தாழ பத்து இலட்சம் அமெரிக்க டொலர் செலவாயிற்று. 25,000 க்கு மேற்பட்ட தமிழ், ஆங்கில நூல்கள் சேர்ந்தன. தென்னிலங்கையில் செங்கல் கொடுத்தவருள் உள்ளன்போடு கொடுத்தவர் பலர் இருந்தனர். ஆனால் கட்டடம் முடிந்து 2003 இல் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தபோது எதிர்ப்பு எழுந்தது. திறப்பை ஒத்திவைக்குமாறு வந்த நெருக்குதலைக் கண்டித்து மாநகர சபையின் உறுப்பினர் 21 பேரும் பதவி விலகினர். நூலகம் பின்னரே வாசகர்க்குத் திறந்தது. முதல் நூலகத்துக்கு அயலவரின் காசு பெட்டியில் விழுந்தபோது, யார் கொடுக்கிறார், எதற்குக் கொடுக்கிறார், எவரிடம் கொடுக்கிறார் என்பன எல்லார்க்கும் தெரிந்திருந்தன. இரண்டாவதற்கு வந்த பணம் பெரிது; அதற்குப் பின்னே நின்ற கேள்விகளும் பெரியன.

இக்கேள்விகள் பணக் கணக்கோடு தொடர்புடையவை. அறநிதி விழா ஒன்றைப் பற்றி ஊரார் கேட்க வேண்டிய முதற் கேள்வி, எவ்வளவு சேர்ந்தது என்பதன்று. எவ்வளவு மிஞ்சியது என்பதே. ஆயிரம் ரூபாய்க்குச் சீட்டு விற்று, பந்தலுக்கும் விளக்குக்கும் கலைஞர்க்கும் சாப்பாட்டுக்கும் எழுநூறு செலவழித்தால், அறத்துக்குச் சேர்ந்தது முந்நூறு மட்டுமே. சீட்டு வாங்கியவனோ ஆயிரத்திற் தன் பங்கு முழுவதும் பாடசாலைக்குப் போயிற்று என்று நம்பி வீடு திரும்புகிறான். நேரே கேட்டிருந்தால் அவன் முழுத்தொகையையும் கொடுத்திருப்பானா? கொடுத்திருக்கமாட்டான். ஆதலின் அந்த எழுநூறை வீண் எனவும் சொல்லிவிட முடியாது. ஆயினும் கணக்கை அவனுக்குக் காட்டவேண்டும். உள்ளூராட்சிச் சபைகள் விதிக்கும் களியாட்ட வரியிலிருந்து அறப்பணி விழாக்கள் விலக்குப் பெறுவதற்கும் வருமானம் எங்கே போகிறது என்பதே அடிப்படை. ஊர்ச் சனசமூக நிலையங்களுள் நல்லவை, விழா முடிந்ததும் வரவு செலவைப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கின்றன. வாசிகசாலைச் சுவரில் ஒட்டுகின்றன. அவ்வாறு செய்யாத நிலையத்துக்கு அடுத்த ஆண்டு சீட்டு விற்பது கடினம்.

பணம் எங்கே போகிறது என்ற கேள்வி இலங்கையில் ஓர் இயக்கத்தையே தோற்றுவித்திருக்கிறது. முதலாம் உலகப் போர் ஓய்ந்த நாளாகிய நவம்பர் 11 இல் இங்கு விற்கப்பட்ட பொப்பி மலர்களின் வருமானத்திற் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குச் சென்றது. அதனை மறுத்து, 1930 களின் முற்பகுதியில் தென்னிலங்கை இளைஞர் சூரிய மல் எனப்படும் பூவரசம் பூவை விற்று, அப்பணத்தை உள்நாட்டு நற்பணிக்கு ஆக்கினர். ஒரே நாள், ஒரே சட்டைப் பை, ஒரே சில்லறைக் காசு. பூ மட்டும் வேறு.

போரினால் குடாநாட்டு மக்கள் உலகெங்கும் சிதறிய பின்னர், கொட்டகையும் இடம்பெயர்ந்தது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் யாழ்ப்பாணப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் இராப்போசன விருந்தும் இசை நிகழ்ச்சியும் நடத்துகின்றன. அங்கே சேரும் பணம் ஆய்வுகூடமாகவும் விளையாட்டு மைதானமாகவும் ஊருக்கு வந்துசேர்கிறது. இதனாற் பெருநன்மை விளைந்துள்ளது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. விருந்துக்கு வருபவர் தாம் படித்த பாடசாலைக்கே கொடுப்பர். பழைய மாணவருள் வெளிநாடு சென்றவர் மிகுந்த பாடசாலை மாடியின்மேல் மாடி கட்டுகிறது. கூலிவேலை செய்வோரின் பிள்ளைகள் மட்டுமே படித்த அயற் பாடசாலைக்காக எந்நகரிலும் எவரும் விருந்து வைப்பதில்லை. பிடியரிசி முட்டிக்கு இந்தக் குறை குறைவாகவே இருந்தது. அதிற் போட்ட அரிசியைத் தன் பிள்ளைக்கென்று தனியே பிரித்தெடுக்க வழியில்லை.

போர் ஓய்ந்தபின் நடைபெற்ற ஒரு நிகழ்ச்சி இக்குறையை ஒருவாறு கடந்தது. 2011 யூலை மாதத்தில், நாட்டின் தென்முனையாகிய தெய்வேந்திர முனையிலிருந்து வடமுனையாகிய பருத்தித்துறை வரை, 27 நாட்களில், ஏறத்தாழ 670 கிலோமீட்டர் தூரத்தைக் கால்நடையாகக் கடக்கும் நடைபயணம் ஒன்று நடந்தது. ‘ட்ரெயில்’ என்பது அதற்கிட்ட பெயர். தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை கட்டுவது அதன் நோக்கம். அதுவரை குடாநாட்டுப் புற்றுநோயாளர் பலர் உரிய சிகிச்சைக்காகக் கொழும்புக்கு அருகிலுள்ள மகரகமைக்குப் போகவேண்டியிருந்தது. போர்க்காலத்தில் அப்பயணமே ஒரு நோய். முழுத் தூரமும் நடந்தவர் சிலரே. ஒரு நாள், அரை நாள் உடன்நடந்தவர் பல்லாயிரவர். சிங்களக் கிராமங்களில் வீதியோரம் நின்றோர் நடப்பவர்க்குத் தண்ணீரும் பழமும் கொடுத்தனர்; உண்டியலிற் சில்லறையும் இட்டனர். மருத்துவமனை 2013 இல் திறக்கப்பட்டது.

2016 இல் அந்நடை எதிர்த்திசையிற் புறப்பட்டது. இம்முறை தொடக்கம் பருத்தித்துறை; முடிவு தெய்வேந்திர முனை. திரட்டிய நிதி காலியின் கராப்பிட்டியில் அமையவிருந்த புற்றுநோய் மருத்துவமனைக்கு உரியது. முதல் நடையின்போது வெற்றுக் கையோடு வரவேற்க நின்ற குடாநாட்டார், இம்முறை உண்டியலை ஏந்தித் தெற்கு நோக்கி நடந்தனர்.